அவர் இறங்கினால் எல்லோரும் இறங்குவார்கள்

கல்யாண மண்டபத்தை ஒரு கணித நிரூபணத்தின் பலத்தில் புக் பண்ணிய மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். பெண் வீட்டில் யாரும் சரி என்று சொல்லியிருக்கவில்லை. அதனால் என்ன, வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லையே என்று நாலு வரி எழுதி, அடியில் ஒரு கோடு போட்டுவிட்டு, நேரே மண்டபத்துக்குப் போய்விட்டார். அந்தப் பெண் நான். அதை நினைத்தால் இன்றைக்கும் பாத்திரம் தேய்க்கிற இடத்தில் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் பஸ்ஸில்தான் தொடங்க வேண்டும். அப்போது நான் ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கணிதம் எடுத்துக்கொண்டே ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தேன். முப்பது வயது முடிந்திருந்தது. அவர் அதே துறையில் புதிதாகச் சேர்ந்தவர். வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். எங்கள் தெருவிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் அவர்கள் வீடு, ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. துறையில் பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான். காலை எட்டே கால் பஸ்ஸில் மூச்சு விட இடம் இருக்காது. ஒரு கையில் கம்பியும் இன்னொரு கையில் சாப்பாட்டுப் பையுமாக நான் தொங்கிக்கொண்டிருந்த ஒரு நாள், முன்னால் நின்றவர் திரும்பி, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற தோரணையில் சொன்னார்.

“மேடம், இந்த பஸ்ல ஒருத்தர் இருக்கார். அவர் அடுத்த ஸ்டாப்ல இறங்கினா, எல்லாரும் இறங்கிடுவாங்க.”

யார் என்று கேட்டேன். அது தெரியாது, ஆனால் இருக்கிறார், நிரூபித்துக் காட்டுகிறேன் என்றார். அடுத்த நிறுத்தத்தில் எல்லோருமே இறங்கிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது யாரை வேண்டுமானாலும் காட்டலாம், அவர் இறங்குகிறார், எல்லோரும் இறங்குகிறார்கள், சரியாகப் போயிற்று. அப்படி இல்லை, யாரோ ஒருவர் இறங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், அவரையே காட்டுகிறேன். ‘அவர் இறங்கினால் எல்லோரும் இறங்குவார்கள்’ என்று நான் கொடுத்த வாக்கு உடையவே உடையாது, ஏனென்றால் அவர் இறங்கப்போவதே இல்லை. இரண்டில் ஒன்று நடந்தே தீரும். ஆகவே அப்படி ஒருவர் இருக்கிறார்.

தர்க்கம் படித்தவர்களுக்கு இது பழைய விளையாட்டுதான். எனக்கும் தெரியும். ஆனால் எட்டே கால் பஸ்ஸில் ஒருவர் என் முகத்துக்கு எதிரே நின்று இதைச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டில் எது நடக்கும் என்று தெரியாமல் ஆளைக் காட்ட முடியாது, ஆளைக் காட்ட முடியாவிட்டால் இருக்கிறார் என்று சொல்லக் கூடாது என்று சண்டைக்குப் போனேன். அவர் விடவில்லை. நானும் விடவில்லை. பக்கத்தில் ஆட்களைப் பிதுக்கிக்கொண்டு டிக்கெட் கொடுத்துவந்த கண்டக்டர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சாரிடம் குனிந்து கேட்டார்.

“யாரு சார் அது? காட்டுங்க, அந்த ஆள மொதல்ல எறக்கி விட்டுர்றேன். பஸ்ஸாவது காலியாவும்.”

நான் சிரித்த சிரிப்பில் சாப்பாட்டுப் பை நழுவி யார் காலிலோ விழுந்தது. கண்டக்டர் என் கட்சி. ஆளைக் காட்டு என்கிறார். அவரோ தேற்றம் அதைச் சொல்லாது என்று கண்டக்டருக்கே விளக்கத் தொடங்கிவிட்டார். எனக்கு அவர் மேல் கோபமாகவும் இருந்தது, கொண்டாட்டமாகவும் இருந்தது. அந்த இரண்டும் ஒரே ஆள் மேல் ஒரே நேரத்தில் வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் யாரும் எனக்குச் சொல்லிவைத்திருக்கவில்லை.

கோபத்துக்குக் காரணம் என் ஆராய்ச்சி. நாம் எல்லோரும் பள்ளியில் படித்த கணிதம் ஒரு நம்பிக்கையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எந்தக் கூற்றை எடுத்தாலும் ஒன்று அது உண்மை, இல்லாவிட்டால் அது பொய். நடுவில் வேறு வழி கிடையாது. அதனால் ஒன்று ‘இல்லை’ என்று வைத்துக்கொண்டு போய் எங்கேயாவது முட்டிக்கொண்டால், திரும்பி வந்து ‘இருக்கிறது’ என்று தைரியமாக எழுதிவிடலாம். நான் வேலை செய்கிற கணிதத்தில் அந்த நம்பிக்கையை அடித்தளத்திலிருந்து உருவி எடுத்துவிடுகிறோம். உருவிய பிறகு வீடு நிற்கிறதா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. பெரும்பாலும் நிற்கிறது. சில கதவுகள் மட்டும் பழையபடி திறக்காது. அவற்றுக்கு வேறு சாவி செய்ய வேண்டும். எங்கள் பக்கத்தில் ‘இருக்கிறது’ என்றால் எடுத்துக் காட்ட வேண்டும். ‘இதுவோ அதுவோ’ என்றால் எது என்று சொல்ல வேண்டும். ஒன்று இல்லாமல் இல்லை என்று காட்டினால், இல்லாமல் இல்லை என்பது மட்டும்தான் கையில் நிற்கும். இருக்கிறது என்பது வேறு, அதைத் தனியாகச் சம்பாதிக்க வேண்டும்.

ஒற்றைக் கையைக் கட்டிக்கொண்டு எதற்கு மல்லுக்கு நிற்கிறீர்கள் என்று துறையில் கேலி செய்வார்கள். எனக்கு இது கட்டாகவே தெரிந்ததில்லை. எங்கள் வீட்டில் யாராவது புடவைக்கு ஆர்டர் கொடுக்க வந்து, மயில் சக்கரம் போட்ட டிசைன் இருக்கிறதா என்று கேட்டால், அப்பா ‘இருக்குது’ என்று வாயால் சொல்லமாட்டார். எழுந்து போய், பரணிலிருந்து துளை போட்ட அட்டைக் கட்டை இறக்கி, தூசியைத் தட்டி, வந்தவர் முன்னால் வைப்பார். அந்த அட்டைகளைத் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால்தான் மயில் புடவையில் இறங்கும். அட்டை இல்லாவிட்டால் மயில் இல்லை. எம்.எஸ்ஸி. வகுப்பில் ஆசிரியர் ஒரு சமன்பாட்டுக்குத் தீர்வு இருக்கிறது என்று முரண்பாடு காட்டி நிரூபித்துவிட்டு உட்கார்ந்தபோது, எங்கே சார் அது என்று நான் கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு ஆரம்பித்த வீம்புதான் எனக்கு ஆராய்ச்சியாகப் போனது.

பஸ் சண்டை கேன்டீனுக்கு நகர்ந்தது. பை (π) என்கிற எண்ணின் தசம இலக்கங்களில் எங்கேயாவது நூறு ஏழுகள் வரிசையாக வருமா என்று கேட்டேன். வரும், இல்லாவிட்டால் வராது, இரண்டில் ஒன்று இப்போதே உண்மை, நமக்குத் தெரியவில்லை என்பது நம் தலையெழுத்து என்றார். தெரியாததை உண்மை என்று சொல்ல நீங்கள் யார் என்றேன். அதைக் கடவுள் பார்த்திருப்பார் என்றார். கடவுளை மேற்கோள் காட்டும் கட்டுரையை எந்த இதழ் போடும் என்றேன். டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. மறுநாள் அவர் மந்தாரை இலையில் கட்டிய கோயில் இட்லி கொண்டுவந்து பாதியைப் பிட்டு என் தட்டில் வைத்தார். மிளகும் சுக்கும் காரமாக ஏறியது. சண்டை நின்ற அந்த இரண்டு நிமிஷத்தில் நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அதற்குப் பிறகு நான் காலையில் எட்டே கால் பஸ்ஸுக்கு ஏழே முக்காலுக்கே போய் நிற்க ஆரம்பித்தேன்.

அந்த மாதங்களை எப்படிச் சொல்வது? தலைகால் புரியவில்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டே காரணமில்லாமல் சிரிப்பேன்; மாணவிகள் கணக்கில்தான் ஏதோ வேடிக்கை என்று நினைத்து அவர்களும் சிரிப்பார்கள். நிரூபணங்களைச் சரிபார்க்க ஒரு மென்பொருள் வைத்திருந்தேன். அது பிடிவாதத்தில் எனக்கு அக்கா. ஒரு படியைத் தாண்டினாலும் சிவப்புக் கோடு போடும். அதுகூட அந்த நாட்களில் எனக்கு வரிசையாகப் பச்சை காட்டியது. நாங்கள் ‘மேடம்’, ‘சார்’ என்றேதான் கூப்பிட்டுக்கொண்டோம். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று இருவருக்கும் வெட்கம். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவர் கேட்டதும் பஸ்ஸில்தான், நின்றுகொண்டுதான். எனக்கு ஒன்றும் மறுப்பு இல்லை சார் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அவர் தர்க்கத்தில் அது போதும்தான்.

அவர் வீட்டில் ஒரே நாளில் முடிந்தது. அவர் தன் அம்மாவிடம் சொல்ல, அந்த அம்மா தெலுங்கில் ‘சரே’ என்று சொல்லிவிட்டு, பெண்ணுக்கு வத்தக்குழம்பு பிடிக்குமா என்று கேட்டாராம். இப்போது பாக்கி எங்கள் வீடு. எனக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் தெலுங்கு வீட்டில் சம்பந்தம் செய்ததில்லை. சண்டை எல்லாம் வராது என்று தெரியும். ஆனால் வீட்டார் முகம் சுளித்து ஒரு கல்யாணம் நடந்தால் அதை என்னால் தாங்க முடியாது. அவரை விட்டுவிடவும் என்னால் முடியாது. அவர் வழக்கம்போல் தைரியமாக இருந்தார். பஸ்ஸுக்குப் பொருந்திய தேற்றம் வீட்டுக்கும் பொருந்தும், உங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார், அவர் சரி என்றால் எல்லோரும் சரி என்பார்கள் என்றார். யார் என்றேன். தேற்றம் அதைச் சொல்லாது என்றார். பையைத் தூக்கி அவர் மேல் அடித்தேன்.

ஆனாலும் அந்த ஆளைத் தேடித்தான் புறப்பட்டேன். முதலில் அம்மா. அப்பா தறியில் கோர்வைப் புடவை நெய்யும்போது, கரைக்கான நூலைத் தனி நாடாவில் ஓட்ட அம்மாதான் பக்கத்தில் உட்காருவாள். அவள் எழுந்து வந்து காய் நறுக்கும் நேரம் பார்த்து, நானும் வெங்காயம் உரித்துக்கொண்டே, துறையில் ஒரு சார் இருக்கிறார், அவர் அம்மா நம் வீட்டுக்கு வரலாமா என்று கேட்கிறாராம் என்றேன். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கத்தரிக்காயிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

“உங்கப்பா சரின்னா எனக்கு இன்னாமா.”

அப்பாவிடம் நான் பேசவில்லை, அம்மாதான் பேசினாள். எங்கள் வீட்டில் அப்படித்தான். பெண் தன் கல்யாணத்தைப் பற்றித் தானே அப்பாவிடம் பேசுவது வழக்கம் இல்லை, அதற்கு எந்தத் தடையும் இல்லை என்றாலும். மூத்தவர் இருக்கும்போது நான் என்ன சொல்வது, அண்ணன் சரி என்றால் சரி என்று அப்பா சொன்னாராம். பெரியப்பா, பெரியம்மாவின் ஊரான மாகறலிலேயே நிலம் பார்த்துக்கொண்டு தங்கிவிட்டவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் போனோம். பம்புசெட்டு ஓடுகிற சத்தத்துக்கு நடுவே அம்மா கத்திக் கத்தி விஷயத்தைச் சொல்ல, அவரும் பதிலுக்குக் கத்தினார். மணையில் வந்து நிற்க வேண்டியவர் தாய்மாமன், அவர் சரி என்றால் நான் குறுக்கே நிற்கவா போகிறேன் என்றார். என் தாய்மாமன் தாமலில் ஏரிக்கரை ஓரம் சிமெண்ட் கடை வைத்திருப்பவர். அவரிடம் அம்மா போனில் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

“நீ சரின்னுட்டா முடிஞ்சுதுக்கா. உன் பேச்ச மீறி நான் என்னிக்கு நின்னுருக்கேன்?”

அம்மா போனை வைத்துவிட்டு, நல்லவேளை, தம்பி ஒன்றும் வேண்டாம் என்று சொல்லவில்லை என்று நிம்மதியாகத் தறிக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் தலை சுற்றியது. அப்பா சரி என்றால் அம்மா. பெரியப்பா சரி என்றால் அப்பா. மாமா சரி என்றால் பெரியப்பா. அம்மா சரி என்றால் மாமா. நாலு பேரும் அவ்வளவு மரியாதையாக ஒருவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் போய் நின்றுகொண்டதில் வட்டமே முடிந்துவிட்டது.

மறுநாள் காலி வகுப்பறையில் அவருக்குப் பலகையில் நாலு புள்ளி வைத்து, நாலு அம்பு போட்டுக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. நாலும் சமானம் மேடம், ஒன்று வந்தால் நாலும் வந்துவிடும் என்றார். ஒன்றுகூட வரவில்லையே சார் என்றேன். அவர் சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டார். பதில் ‘வேண்டாம்’ என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நாலு பேரில் ஒருவராவது வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. முரண்பாடு. ஆகவே பதில் ‘வேண்டாம்’ இல்லை. ஆகவே ‘சரி’. அடியில் ஒரு கோடு போட்டுவிட்டுக் கையில் இருந்த சாக்பீஸ் பொடியைத் தட்டினார்.

கடைசி ‘ஆகவே’ செல்லாது என்று சத்தம் போட்டேன். நீங்கள் காட்டியது வேண்டாம் என்று இல்லை என்பதை மட்டும்தான். அது சரி என்பது ஆகாது. சரி என்றால் ஒருவர் வாயைத் திறந்து சரி என்று சொன்னதை எனக்குக் காட்டுங்கள் என்றேன். நீங்கள் இப்படியே காட்டு காட்டு என்று இருந்தால் நமக்கு அறுபதாம் கல்யாணம்தான் நடக்கும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. மணி அடித்துவிட்டது. நான் வகுப்புக்குப் போய்விட்டேன். அவர் எங்கே போனார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அவர் மண்டபத்துக்குப் போயிருக்கிறார். காஞ்சிபுரத்தில் தை மாதத்து முகூர்த்தத்துக்கு மண்டபம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பட்டு வாங்க வருகிற வெளியூர்க்காரர்கள்கூட அப்படியே மண்டபத்தையும் பிடித்துவிடுகிறார்கள். நிலவரம் விசாரிக்கத்தான் போனேன் என்று அவர் இன்றைக்கும் சாதிக்கிறார். ஒரே ஒரு தேதிதான் காலி, அதையும் ஒருவர் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார், சாயங்காலம் வருவார் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். பலகையில் போட்ட கோடு இவர் கண்ணுக்குள் நின்றிருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். பெண் வீட்டு முகவரி கேட்டதற்கு எங்கள் கதவு எண்ணையும் அப்பாவின் போன் நம்பரையும் கொடுத்திருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்ப அதிர்ச்சியாம்.

அடுத்த சனிக்கிழமை காலை நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். உள்ளே அப்பாவும் அம்மாவும் தறியில். அப்பாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுத் தறிச் சட்டத்தின் மேல் வைத்துவிட்டு நெய்துகொண்டே பேசுவார், அது அவர் வழக்கம். மண்டபத்து மேனேஜர் குரல் வீடு முழுக்கக் கேட்டது. வாழ்த்தெல்லாம் சொல்லிவிட்டு, வாசல் போர்டு எழுதக் கொடுக்கப்போகிறோம், பெண்ணின் பெயருக்குப் பின்னால் பி.எச்டி. என்று போடலாமா, இன்னும் முடிக்கவில்லையா என்று கேட்டார். தறி நின்றது. எங்கள் தெருவில் நடுப்பகலுக்கு முன்னால் ஒரு தறி நின்றால் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்ப்பார்கள். என் பேனா விடைத்தாளின் மேலேயே மையை விட்டுக்கொண்டிருந்தது. அப்பா போன் பக்கம் குனிந்தார்.

“அது இன்னும் முடிக்கலீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அப்புறம் தறிச் சத்தம் திரும்பவும் கேட்கத் தொடங்கியது. அப்பா என்னைக் கூப்பிடவில்லை; ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. மண்டபம் புக் பண்ணியவரைப் போனில் பிடித்து, நீங்கள் நிரூபித்த தேற்றம் என் குடியைக் கெடுத்துவிட்டது என்று கத்தினேன். யாரும் இன்னும் வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று மெதுவாகக் கேட்டார். போனை வைத்துவிட்டு அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே போர்டும் பி.எச்டி.யும் ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. இப்படி ஒரு மனிதர் எனக்குக் கிடைக்காமல் போய்விட்டால் என்ன செய்வேன் என்று நினைத்துத் திரும்பவும் அழுதேன்.

அம்மா எல்லோருக்கும் போன் செய்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மாகறலிலிருந்து பெரியப்பாவும் தாமலிலிருந்து மாமாவும் வந்து சேர்ந்தார்கள். அவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையில், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாய்மொழித் தேர்வுக்கு வந்த மாணவனைப்போல உட்கார்ந்திருந்தார். தறிக்குழியின் விளிம்பில் அப்பா காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா மாமாவைப் பார்த்தார். பலகையில் நான் போட்ட நாலு அம்பும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பில்டர் காபி குடித்துக்கொண்டிருந்தன. எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு முட்டியது, உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அப்பா கடைசியில் அவரைப் பார்த்துத்தான் கேட்டார், யார் சொல்லி மண்டபம் புக் பண்ணினீர்கள் என்று. அவர் எழுந்து நின்றுவிட்டார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதனால் சரி என்று எடுத்துக்கொண்டேன், தப்புதான் என்றார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். கோபமா, யோசனையா என்று தெரியவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“ஆளாளுக்கு எங்கிட்ட வந்து பேசிக்கினு இருக்காங்க. மண்டபத்துக்காரன்கூட பேசிட்டான். நீ ஒண்ணும் சொல்லலியேமா.”

“உங்க இஷ்டம்பா” என்றேன். அது என் வாயில் பால்குடி காலத்திலிருந்து இருக்கிற பதில்.

“எங்க இஷ்டம் இருக்கட்டும். நீ சொல்லு.”

“எனக்கு ஒண்ணும் மறுப்பு இல்லபா.”

சொல்லி முடிப்பதற்குள் எதிரே அவருக்குக் காபி புரை ஏறியது. இருமுகிறார், இருமலுக்கு நடுவில் என்னைப் பார்க்கிறார், கண்ணில் தண்ணீர், சிரிப்பை அடக்கத் தோள் குலுங்குகிறது. அப்போதுதான் நான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. மறுப்பு இல்லை. பஸ்ஸில் அவரிடமும் நான் இதைத்தான் சொன்னேன். அம்மாவிடம் அதைக்கூடச் சொல்லவில்லை. அவர்கள் வரலாமா என்று கேட்கிறார்களாம் என்றேன். மூன்று வருஷமாக உலகத்தில் எல்லோரையும் எடுத்துக் காட்டு, எடுத்துக் காட்டு என்று உயிரை வாங்கிய நான், என் வாயிலிருந்து ஒரே ஒரு ‘வேண்டும்’ எடுத்துக் காட்டவில்லை. கண்டக்டரிலிருந்து பெரியப்பா வரை எல்லோரிடமும் அந்த ஆள் யார் என்று தேடியிருக்கிறேன். வெட்கம் தாங்கவில்லை. காது மடலெல்லாம் சுட்டது. ஆனால் அந்த வெட்கத்தோடு சேர்ந்து ஏதோ ஒன்று திறந்துகொண்டதுபோல் சந்தோஷமும் பொங்கியது.

“எனக்கு இவரு வேணும்பா” என்றேன். “இவரைத்தான் கட்டிக்கணும். நீங்கல்லாம் மனசார வந்து நிக்கணும். அதுவும் வேணும்.”

இப்படி ஒரு வாக்கியம் அந்த வீட்டில் ஒரு பெண் வாயிலிருந்து வந்ததே இல்லை. நானே பயந்துபோய்த் தரையைப் பார்த்தேன். அப்பா அண்ணனைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை.

“அப்ப சரிமா” என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு நிமிஷத்துக்குள். அவரே சொல்லிட்டாரே, எனக்கும் சரி என்றாள் அம்மா. அக்காவே சொல்லியாச்சு என்றார் மாமா. மாமனே சொன்ன பிறகு நான் என்ன என்றார் பெரியப்பா. எப்போது சொல்லலாம் என்று காத்துக்கொண்டிருந்தவர் குரல் அது. வட்டத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுச் ‘சரி’ அப்பாவிடமே திரும்பி வந்து நின்றது. மாப்பிள்ளையாகிவிட்டவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஒருவர் இருக்கிறார் என்று நான் அப்போதே சொன்னேனா இல்லையா என்கிற பார்வை பார்த்தார். ஆளை நான்தானே காட்டினேன் என்று நானும் கண்ணாலேயே திருப்பிக் கொடுத்தேன். அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை.

பெரியப்பாவும் மாமாவும் அவரை நடுவில் உட்கார வைத்து, நெசவில் உங்கள் தெருவில் என்ன ரகம் போடுகிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா கேசரிக்கு ரவை வறுக்கப் போனாள். அப்பா மட்டும் பரணுக்கு ஏணி சாத்தி ஏறிக்கொண்டிருந்தார். மேலிருந்து ஒவ்வொரு அட்டைக் கட்டாக இறக்கிக் கீழே நின்ற என் கையில் கொடுத்தார். தூசி மூக்கில் ஏறி நான் தும்மினேன். நாலு கட்டு இறக்கியதும் ஏணியிலேயே நின்றபடி கேட்டார்.

“முகூர்த்தப் பட்டுக்குத் தறியில பாவு நூல் ஏத்தணும். கரை இன்னா கலரு?”

எதையாவது சொல்ல வேண்டுமே என்று, “பச்ச வேணாம்பா” என்றேன்.

கூடத்திலிருந்து ஒரு இருமல் கேட்டது. அப்பா ஏணியிலிருந்து குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

“வேணாங்கறதக் கேக்கலமா. வேணுங்கறதச் சொல்லு.”

மாம்பழ மஞ்சளில் உடல் வேண்டும் என்றேன். கரை அரக்கு. கரையில் ஒற்றை வரிசை ருத்ராட்சம் வேண்டும், இல்லை இல்லை, இரண்டு வரிசை வேண்டும். அப்பா கீழே இறங்கி வந்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, உடைந்த அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். முந்தியில் அன்னம் வேண்டும், அதன் கண்ணில் சிவப்பு இழை வேண்டும் என்றேன். அப்புறம் என்றார். நான் வேண்டியதை எல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.